பூஜையில் வைத்த திருப்புளி

என் மாமனாருக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்று இருந்தால் அது திருப்புளி விஷயத்தில் மட்டும்தான். சாப்பாடு, சாமி, அரசியல், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்று எதிலும் எங்களுக்குள் பேச்சு முற்றியதில்லை. அவர் உத்தனப்பள்ளியில் ரோஜாவும் தக்காளியும் போடுகிற விவசாயி. நான் விருதுநகர் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்து, அவர் மகனையே கட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளியில் குடியிருப்பவள். ஸ்க்ரூ திரும்பினால் போதும், எதை வைத்துத் திருப்பினால் என்ன என்பது அவர் கட்சி. ஸ்க்ரூ திரும்ப வேண்டும், ஆனால் திருப்புகிற முனை திரும்பிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

என் கட்சிக்குக் காரணம் உண்டு. தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் டூல் ஸ்டோர் பார்க்கிறேன். ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அலமாரி அலமாரியாகக் கருவிகள். உடைந்ததைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும் என்பது எங்கள் வழக்கம். அதனால் ஓசூரில் ஒரு ஸ்க்ரூடிரைவர் என்னென்ன விதமாகச் சாகும் என்று எனக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. உளியாக அடித்துச் செத்தது, கடப்பாரையாக நெம்பிச் செத்தது, பெயிண்ட் டப்பா மூடியைத் திறந்து செத்தது என்று வகைவகையாக வரும். கொண்டுவருகிறவர் முகத்தில் மட்டும் ஒரே வகையான அப்பாவித்தனம்தான் இருக்கும்.

"இத வச்சு என்ன செஞ்சீங்க?" என்பேன்.

"ஒண்ணும் செய்யல மேடம். தானா உடைஞ்சிடுச்சு."

"தானா உடையுறதுக்கு இது என்ன அப்பளமா?"

தர்மபுரிக்காரர், சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும் இதே பதில்தான். ஊர் ஊருக்குப் பேச்சு மாறுகிறது, பொய் மட்டும் மாறுவதில்லை.

இப்படிப் பிணங்களையே பார்த்துக்கொண்டிருப்பவள் உயிரோடு இருக்கிற ஒன்றை வாங்கப் போனால் சும்மா வாங்குவாளா? ஓசூரில் நான் வழக்கமாகப் போகிற ஹார்டுவேர் கடைக்காரர் என்னைக் கண்டதும் முதலில் பெருமூச்சு விடுவார். பிறகுதான் "ஏன் பேக்கு மேடம்" என்று என்ன வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்பார். எனக்குக் கன்னடம் வராது என்று அவருக்குத் தெரியும். ஒருவேளை புரியாமல் திரும்பிப் போய்விட மாட்டேனா என்கிற நப்பாசைதான்.

நான் போக மாட்டேன். கையோடு ஒரு ஸ்டார் ஸ்க்ரூவைக் கொண்டுபோயிருப்பேன். அதைத் தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு முனையை உள்ளே வைத்துப் பார்ப்பேன். நல்ல முனை என்றால் பள்ளத்தில் போய் ஆடாமல் உட்கார்ந்துகொள்ளும். மட்டமானது லொடலொடவென்று ஆடும். அந்த ஆட்டம்தான் பின்னால் ஸ்க்ரூவின் தலையைத் தின்கிறது. கைப்பிடியை உள்ளங்கை நிறையப் பிடித்து அழுத்துவேன். வியர்த்த கையோடு பிடித்தாலும் வழுக்கக் கூடாது. வழவழவென்று கண்ணாடி போல இருந்தால் அது ஷோகேஸில் வைக்கத்தான் ஆகும். தண்டு கைப்பிடிக்குள் பாதியில் நின்றுவிடாமல் அடிவரைக்கும் ஓடியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். அப்படி ஓடியிருந்தால்தான் பின்னால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டலாம். கைப்பிடிக்குக் கீழே ஸ்பேனர் மாட்டுகிற மாதிரி ஆறுபட்டை இருந்தால் இன்னும் சந்தோஷம். பளபளப்பை நான் மதிப்பதே இல்லை. உயர்ந்த எஃகு என்று தண்டில் பொறித்திருந்தாலும் மதிப்பதில்லை, பொறிப்பதற்கு என்ன, எதில் வேண்டுமானாலும் பொறிக்கலாம். கட்டிங் பிளேயர் என்றால் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். வெட்டுகிற விளிம்புக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பிளேயரைக் கீழே வைத்துவிடுவேன். கடைக்காரர் அதற்குள் இரண்டு பேருக்குப் பைப்பும் ஒருவருக்குப் பூட்டும் விற்று முடித்திருப்பார்.

ஒரு நாள் மாமா பூ மார்க்கெட்டுக்கு ரோஜா கொண்டுவந்துவிட்டு எங்களோடு கடைக்கு வந்தார். பேரம் பேசும்போது கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று மூன்றையும் பகுத்து வைத்திருக்கிறவர் அவர். நான் ஒவ்வொன்றாக ஸ்க்ரூவில் வைத்துப் பார்ப்பதைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு என் கணவரின் பக்கம் திரும்பினார்.

"டேய், உன்னப் பாக்கறப்பக்கூட இந்தப் பொண்ணு இவ்ளோ நேரம் எடுத்துக்கிச்சா?"

"இல்லப்பா. அஞ்சு நிமிஷம்தான்."

"அதான் இப்ப உஷாரா இருக்குது."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கையில் எடுத்த டிரைவரைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் கறுப்பு முனை வைத்த ஒரு நல்ல வரிசை வாங்கினேன். ஒரு கட்டிங் பிளேயரும் வாங்கினேன். மாமா பில்லை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். வெளியே வந்ததும் நேராகச் சாலையோரத் தள்ளுவண்டிக்குப் போய், மஞ்சள் கைப்பிடி டிரைவர்கள் அடுக்கிய ஒரு முழு டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஒன்றுக்குக் கொடுத்த காசில் அவருக்கு டப்பாவே கிடைத்துவிட்டதாம். மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாரு. பெருசு, சிறுசு, நடுவாந்தரம் எல்லாம் கீது. திருப்புறதுக்கு எதுவா இருந்தா இன்னாம்மா?"

ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கைப்பிடியில் பழைய செருப்பு வாசம் அடித்தது. மாமாவிடம் அதைச் சொல்ல முடியுமா? "நல்லா இருக்கு மாமா" என்றேன். என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்த மஞ்சள் டப்பா உத்தனப்பள்ளி வீட்டில் செய்த முதல் வேலை பாத்ரூம் தாழ்ப்பாள். அத்தைக்குச் சர்க்கரை. ராத்திரியில் எழுந்து கொல்லைக்கு நடக்க வேண்டாம் என்று மாமா வீட்டுக்குள்ளேயே அவருக்காகப் புது பாத்ரூம் கட்டினார். டைல்ஸ் மாமாவே போய்ப் பார்த்து எடுத்தது. கதவு கனத்த மரம், வெளிப்பக்கமாகத் திறப்பது. கொத்தனாரும் தச்சரும் போன பிறகு, பெண்டாட்டிக்கு நம் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, உள் தாழ்ப்பாளைத் தானே மாட்டினார். மஞ்சள் கைப்பிடி வழுக்க வழுக்க, ஸ்க்ரூ பாதி இறங்கி, மீதி இறங்க மாட்டேன் என்று நின்றிருக்கிறது. தாழ்ப்பாள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நான் பார்த்துவிட்டு, "மாமா, அடுத்த தடவ வரயில என் டிரைவரக் கொண்டாந்து இறுக்கித் தாரேன்" என்றேன்.

"போம்மா, அது கல்லு மாதிரி கீது" என்றார்.

அடுத்த தடவை என்பது ஆயுத பூஜை. எங்கள் கம்பெனியில் முந்தின வேலை நாளிலேயே மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி பொட்டலமும் சுவீட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பண்டிகை அன்று எல்லோரும் உத்தனப்பள்ளியில் இருக்க வேண்டும் என்பது மாமாவின் சட்டம். குடும்பத்தில் இருக்கிற இரும்பு அத்தனையும் ஒரே இடத்தில் சாமி முன்னால் உட்கார வேண்டும் என்பது அதைவிடப் பெரிய சட்டம். அதனால் என் டிரைவர் வரிசை, பிளேயர், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் பையோடு பஸ்ஸேறி வந்தன. அங்கே அரிவாள், களைக்கொத்து, கடப்பாரை, ரோஜாச் செடி வெட்டுகிற கத்தரி, அரிவாள்மனை, சமையல் கத்தி உள்பட எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையில் இருந்தன. காய்கறியை அத்தை காலையிலேயே அரிந்து வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. மாமா இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். அதற்கு முந்தின வருஷம் நான் இலை போட இடம் போதவில்லையென்று அரிவாளை ஒரு சாண் நகர்த்தினதற்கு அன்று முழுக்க என்னோடு தெலுங்கில் பேசினார்.

எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு மஞ்சள் டப்பாவை மட்டும் தனியாக எடுத்து அலமாரி மேல் வைத்தார்.

"அது ஏம்ப்பா வெளிய?" என்று கேட்டார் என் கணவர்.

"அவசரத்துக்கு வீட்டுல ஒண்ணு இருக்க வேணாமா? நல்லதெல்லாம் சாமிகிட்ட இருக்கட்டும்."

எனக்கு உள்ளூர ஒரே பெருமை. திருப்புவதற்கு எதுவாக இருந்தால் என்ன என்று சொன்ன வாயால் என்னுடையதை நல்லது என்று சொல்லிவிட்டார் இல்லையா! அந்தப் பெருமையில், அவசரத்துக்கு மட்டத்தை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதற்கு நல்லதை வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் நல்ல டம்ளர் விருந்தாளிக்கு, நல்ல போர்வை பீரோவுக்கு. அப்படியே பழகிவிட்டோம்.

பூஜை முடியும்வரை அத்தை பச்சைத்தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார். கற்பூரம் காட்டி முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "இலையப் போடு, கை கால் கழுவிக்கினு வந்துடறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போனார். அந்த மாத்திரையைப் போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். ஒரு தடவை தோட்டத்தில் அப்படி இறங்கி, வியர்த்து, வாய் குழறி, ரோஜாப் பாத்திக்கு நடுவிலேயே சரிந்துவிட்டார். யாரோ வாயில் வெல்லத்தை அடைத்ததால் எழுந்தார். அந்த நாளைப் பற்றி மாமா பேசவே மாட்டார். பேச்சு வந்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் இலையைப் போட்டேன். பாத்ரூமிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது.

"ஏங்க, தாப்பா வர மாட்டேங்குது."

"நல்லா இழுத்துப் பாரு" என்றார் மாமா.

"இழுத்துட்டன். நீங்க போட்ட தாப்பாதான? உங்கள மாதிரியே முறுக்கிக்கினு நிக்குது."

எல்லோரும் சிரித்தோம். தலை சாய்ந்திருந்த தாழ்ப்பாள் இப்போது இன்னும் சாய்ந்து, கம்பி ஓட்டைக்குள் கோணலாகச் சிக்கிக்கொண்டது. வெளியிலிருந்து நாங்கள் இழுத்தோம். கதவு அசையவே இல்லை. கீல்கள் வெளிப்பக்கம், ஸ்க்ரூத் தலை வெளியே தெரிகிற மாதிரி இருந்தன. நிலையில் பதித்திருக்கிற ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கதவையே அந்தப் பக்கமாக எடுத்துவிடலாம். என் கணவர் மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியாம்மா, அவசரத்துக்கு வெளிய வச்சது எவ்ளோ நல்லதாப் போச்சு" என்றார் மாமா என்னைப் பார்த்து.

முதல் ஸ்க்ரூவில் முனையை வைத்துத் திருப்பியதும் கைப்பிடி சுற்றியது, தண்டு சுற்றவில்லை. இரண்டாவது டிரைவரை எடுத்தார். அது ஸ்க்ரூவின் பள்ளத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டு வெளியே துள்ளியது. மூன்றாவதின் முனை முறுக்கு மாதிரி திருகிக்கொண்டது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்த என் கணவர், "ஸ்க்ரூ திரும்பலப்பா, இதுதான் திரும்பிடுச்சு" என்றார். வேறு நாளாக இருந்தால் நான் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அத்தை சொன்னார். "டேய், எனக்கு இன்னாவோ கை நடுங்குதுடா."

சிரிப்பெல்லாம் அங்கேயே நின்றது.

"உக்காருங்க அத்தை, கீழயே உக்காருங்க" என்றேன். வென்டிலேட்டர் வழியாக ஒரு லட்டை உள்ளே போடலாம் என்று பின்பக்கம் ஓடினேன். கொசு வராமல் இருக்க மாமா அதில் கம்பிவலை அடித்து வைத்திருந்தார். அதையும் கல்லு மாதிரிதான் அடித்திருந்தார். வலையை அறுக்கக் கத்தி வேண்டும், கத்தி பூஜையில் இருந்தது. கதவை உடைக்கக் கடப்பாரை வேண்டும், அதுவும் பூஜையில் இருந்தது. வீட்டில் இருந்த அத்தனை இரும்பும் பொட்டு வைத்துக்கொண்டு சாமியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எங்களிடம் இருந்தது மஞ்சள் டப்பா மட்டும்தான்.

திரும்பி வந்து கதவில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தேன். "அத்தை, இன்னிக்கு ரோஜா என்ன வெல போச்சு? சொல்லுங்க."

"போச்சு... நல்லாத்தான்..." என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ரோஜா?" என்றார். குரல் தூக்கத்தில் பேசுவது போல இழுத்தது.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னடம், தெலுங்கு, தமிழ் எதுவும் வாயில் வரவில்லை. நான் என் கணவரிடம், "பூஜையில இருக்குறத எடுங்க" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார்.

கோபம் வந்தால் எனக்கு ஓசூர் மறந்துபோய் ஊர் வந்துவிடும். "அத்த உள்ள கெடக்காக, நீங்க அப்பா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கீகளே! நல்லா இருக்கு!" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகு எனக்குப் பயம் வந்தது. அரிவாளை ஒரு சாண் நகர்த்தினதற்கே அந்தப் பாடு. எடுத்துவிட்டு அத்தைக்கு ஏதாவது ஆனால், வெளியூர்க்காரி பூஜையில் கை வைத்தாள், அதனால்தான் ஆயிற்று என்று ஊர் காலம் முழுக்கச் சொல்லும். அதெல்லாம் மனசில் ஓடத்தான் செய்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அத்தை வெளியே வந்தால் போதும் என்று திரும்பினேன்.

சுவரோரம் மாமா இல்லை.

சாமி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். என் டிரைவர் வரிசைக்கு மேல் அவர் கை அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம், ஒரு ரோஜா இதழ். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இதுல எதும்மா?" என்று கேட்டார். "எத எடுக்கணும், சொல்லும்மா."

நான் குனிந்து விரலால் காட்டினேன். "ரெண்டாவது, மாமா. கறுப்பு முனை."

எடுத்தார். கைப்பிடியில் இருந்த சந்தனம் வழுக்கும் என்று, கட்டியிருந்த புது வேட்டியிலேயே துடைத்து என் கையில் கொடுத்தார். மஞ்சள் கைப்பிடி தொடாத ஒரு ஸ்க்ரூவில் முதலில் வைத்தேன். பள்ளத்தில் போய் ஆடாமல் உட்கார்ந்தது. உள்ளங்கையால் அழுத்தி உடம்பு பாரத்தையும் கொடுத்துத் திருப்பினேன். கிறீச் என்று ஒரு சத்தம், இளகிவிட்டது. அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மஞ்சள் கைப்பிடி தலையைத் தின்றுவிட்ட ஸ்க்ரூவில் மட்டும் முனை நிற்கவில்லை. "சுத்தி" என்றேன். சொல்வதற்குள் மாமா கொண்டுவந்தார். டிரைவரின் பின்னால் ஒரு தட்டுத் தட்டி முனையைப் பதித்தேன். "ஸ்பேனர்" என்றேன். அதையும் கொண்டுவந்தார். ஆறுபட்டையில் மாட்டி என் கணவர் திருக, நான் அழுத்த, அதுவும் வந்தது. முடிகிறபோது சாமி முன்னால் தேங்காயும் பொரியும் மட்டும்தான் ஒழுங்காக இருந்தன.

கதவைக் கீல் பக்கமாக இழுத்து எடுத்தோம். அத்தை சுவரில் சாய்ந்து, நனைந்தது மாதிரி வியர்த்து உட்கார்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. மாமா உள்ளே போய் டைல்ஸ் தரையிலேயே உட்கார்ந்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பிறகு லட்டைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். "முழுங்கு, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லட்டு பாதி இறங்கிய பிறகு அத்தை மெதுவாகச் சுற்றிலும் பார்த்தார். கழன்று நின்ற கதவைப் பார்த்தார். மாமாவின் வேட்டியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"பூஜையில வச்சதத் தொட்டுட்டீங்களா?" என்றார்.

"தொட்டன்" என்றார் மாமா. "நான்தான் தொட்டன். நீ சாப்புடு."

அன்றைக்கு இலை போட்டது போட்டபடி ஆறிப்போயிற்று. நாங்கள் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து பொரியைத் தின்றோம். அத்தைக்குத் தெம்பு வந்ததும் முதல் வேலையாக மஞ்சள் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, முறுக்கிக்கொண்ட டிரைவரைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தார். "கடையில டப்பாவோட குடுத்தானா? டப்பாவ மட்டும் வச்சிக்கினு இத அவனுக்கே குடுத்திருக்கலாம்" என்றார். மாமா டப்பாவை வாங்கி மூடினார். தாழ்ப்பாளை அன்று மாலையே நான் கழற்றி நேராக மாட்டினேன். மாமா பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தார். மறுநாளுக்குள் ஊரில் கதை வேறு மாதிரி போய்விட்டது. "மருமக வாங்கறப்ப நான்தான் கூட நின்னு பாத்து எடுத்தன். கருவின்னா நல்லதாத்தான் வாங்கணும்" என்று மாமா பால் சொசைட்டியில் சொன்னதாக எனக்கே செய்தி வந்தது. நான் மறுக்கவில்லை. கூட நின்றார் என்பது உண்மைதானே.

போன ஆயுத பூஜைக்கு வழக்கம்போலப் பையோடு போனேன். மாமாவே எல்லாவற்றையும் வாங்கித் துடைத்து அடுக்கினார். மஞ்சள் டப்பாவுக்கு இந்தத் தடவை சாமிக்கு மிக அருகில் இடம். ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய பொட்டு.

"இதுங்க வேலைக்கு ஆவாது. சும்மா ஒக்காந்து சாமி கும்புட்டுக்கினு இருக்கட்டும்" என்றார்.

வரிசையை எண்ணிப் பார்த்தேன். என் கறுப்பு முனை டிரைவரில் ஒன்றைக் காணோம், இரண்டாவது இடம் காலியாக இருந்தது. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மாமா கற்பூரம் எரிகிற தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, சாமியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, பாத்ரூம் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கதவுக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் என் டிரைவரைக் கயிறு போட்டு மாட்டியிருந்தார். அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழு ரோஜா. அதற்கு முன்னால் நின்று கற்பூரத்தை மூன்று தரம் சுற்றினார்.

"மாமா, இதையும் அங்கனயே வச்சிருக்கலாம்ல?"

"இது சாமிக்கு இல்லம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். "இது உங்க அத்தைக்கு."

அத்தை மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இலை, பிறகுதான் மாத்திரை என்று இப்போது மாமாவின் சட்டம் மாறிவிட்டது. கை கழுவ உள்ளே போனவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "ஏங்க, வெளிய இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கறன், நீ கழுவு" என்று சொல்லிவிட்டு, மாமா அந்த ஆணிக்குக் கீழேயே கற்பூரத் தட்டோடு உட்கார்ந்துகொண்டார்.